பூங்கோதைக்குக் குரல் தந்தவர் யார்?

அணுவாயுதப் போரினால் அழிந்துபோன அமெரிக்காவின் பொஸ்டன் நகரம். ஆண்டு 2287. ஃபென்வே பார்க் என்ற புகழ்பெற்ற பேஸ்போல் மைதானத்தின் மதில்களுக்குள், எஞ்சிய மனிதர்கள் சிறியதொரு நகரை அமைத்து வாழ்கிறார்கள். அதன் வாசலில் ஒரு பெண் நின்று கதவைத் திறக்கும்படி சத்தமிடுகிறாள். அவள் ஒரு பத்திரிகையாளர். நகரத்தின் மேயர் மனிதரே அல்லர், மனிதரைப் போலவே செய்யப்பட்ட இயந்திரமாக இருக்கக்கூடும் என்று எழுதிவிட்டாள். அதனாலேயே கதவடைப்பு. மேயர் வெளியே வந்து வசைபாடுகிறார். தற்செயலாக அவ்விடம் வந்துசேர்ந்த அந்நியரைப் பார்த்து அப்பெண் கேட்கிறாள்: நீங்கள் பத்திரிகையின் பக்கமா, இல்லையா?

இது ‘ஃபோல்அவுட் 4’ என்ற வீடியோ விளையாட்டில் வரும் காட்சி. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்டது. அப்பெண்ணின் பெயர் பைப்பர். அவள் நடத்தும் தாளின் பெயர் ‘பப்ளிக் ஒக்கரன்சஸ்’. 1690ஆம் ஆண்டு செப்டெம்பரில் அதே பொஸ்டன் நகரில் உண்மையாகவே அப்பெயர் கொண்டதொரு பத்திரிகை வெளிவந்து, ஒரேயொரு இதழுடன் ஆட்சியாளரால் தடைசெய்யப்பட்டது என்பதை அறிந்தவர்கள் இக்காட்சியைப் பார்த்துப் புன்னகைக்காமல் இருக்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைக் கந்தோரில் காலந்தள்ளிய எனக்கு அப்புன்னகை சற்று நீண்டே நின்றது.

அந்த அந்நியர் நான்தான். அதாவது, நான் உருவாக்கிய பூங்கோதை. முகவாயின் அகலம், மூக்கின் வளைவு, கண்ணின் கீழ் ஒரு தழும்பு என ஒன்றரை மணித்தியாலம் செலவிட்டுச் செய்த பாத்திரம். பெயரையும் நானே இட்டேன். பைப்பரின் கேள்விக்கு அவள் என்ன சொல்லவேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. “பத்திரிகைச் சுதந்திரம் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் முதலில் அந்தக் கட்டுரையை ஒருமுறை வாசிக்கத் தாருங்கள்.” எந்த உதவி ஆசிரியரும் அப்படித்தான் சொல்வார்.

திரையிலே நான்கு தெரிவுகள் தோன்றின. நான்கும் ஓரிரு சொற்கள். ஒன்று பத்திரிகைக்கு ஆதரவு என்றது. இன்னொன்று, பத்திரிகைகளை வெறுக்கிறேன் எனப் பொருள்படும் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்கள். கட்டுரையை வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்பவருக்கு அங்கே இடமில்லை. ஆதரவை அழுத்தினேன். பூங்கோதை வாய் திறந்தாள். அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவரின் பண்பட்ட, இதமான, சற்றே களைத்த குரலில் அவள் பேசினாள். நல்ல குரல். கோர்ட்னி டெய்லர் என்ற தேர்ந்த நடிகையின் குரல். ஆனால் அந்தக் கணத்தில் பூங்கோதை என்னை விட்டுப் போய்விட்டாள். பிறகு எண்பது மணித்தியாலம் விளையாடியும் அவள் திரும்பி வரவில்லை. (இரண்டாவது தெரிவை நான் ஒருமுறை அழுத்திப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.)

பாத்திரமேற்பு விளையாட்டுக்கள் எனப்படும் இவ்வகையில், கதையின் நாயகனையோ நாயகியையோ விளையாடுபவரே உருவாக்குகிறார். பெயர், முகம், குலம், தொழில், பலம், பலவீனம் எல்லாம் அவர் தெரிவு. அப்படி உருவாக்கப்பட்டவருக்கு விளையாட்டைத் தயாரித்தவர்கள் குரல் கொடுக்கலாமா, கூடாதா என்பது இத்துறையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடக்கும் வழக்கு. கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. எனினும் எதிர்க்கட்சியின் வாதங்களில் சிலவற்றை நான் மதிக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் இது வழக்காகவே இருக்கவில்லை. 1990களில் குரலைப் பதிந்து வைக்கும் இடவசதியும் இல்லை, அதற்கான பணமும் இல்லை. எல்லாமே எழுத்து. 1999இல் வெளிவந்த ‘பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்’ என்ற விளையாட்டில் ஏறத்தாழ எட்டு இலட்சம் சொற்கள் இருந்தன என்பார்கள். பெரிய நாவல்கள் பலவற்றின் அளவு. கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவெயார் நிறுவனம் 2003இல் ‘ஸ்டார் வோர்ஸ்: நைட்ஸ் ஒஃப் தி ஓல்ட் ரிப்பப்ளிக்’ என்ற விளையாட்டை வெளியிட்டபோது ஏனைய பாத்திரங்கள் எல்லாம் பேசின. நாயகர் மட்டும் பேசவில்லை. நாம் வாசித்துத் தெரிவு செய்த வரிக்கு மற்றவர்கள் பதில் சொன்னார்கள். அந்த ஏற்பாடு யாருக்கும் குறையாகப் படவில்லை.

அதே நிறுவனம் 2007இல் ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டில் கொமாண்டர் ஷெப்பர்டுக்கு வாயைக் கொடுத்தது. ஆண் ஷெப்பர்டுக்கு மார்க் மியர், பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல். இங்கே நான் தயக்கமின்றி ஒத்துக்கொள்கிறேன்: ஜெனிஃபர் ஹேலின் ஷெப்பர்ட் இத்துறையின் பெருஞ்சாதனைகளில் ஒன்று. மூன்று பாகங்களையும் சேர்த்து 2021இல் மறுபதிப்புச் செய்தபோது, விளையாடியவர்களில் 32 வீதத்தினரே பெண் ஷெப்பர்டைத் தெரிவு செய்தார்கள் என்று நிறுவனம் கணக்கு வெளியிட்டது. ஆனால் இரசிகர்கள் கூடிப் பேசும்போது முதலில் நினைவுகூரப்படுவது பெரும்பாலும் ஹேலின் குரல்தான்.

அது ஏன் அங்கே பொருந்தியது? ஷெப்பர்ட் முழுமையாக நம்முடைய பிள்ளை அல்லர் என்பதனால். அவர் ஓர் இராணுவ அதிகாரி. அவருடைய குடும்பப்பெயர், தொழில், கப்பல், கடமை எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டவை. நாம் கைவைப்பது முகத்திலும், முதற்பெயரிலும், இறந்தகாலத்தின் இரண்டொரு பத்திகளிலும்தான். இயக்குநர் எழுதி முடித்த நாடகத்தில் நடிகருக்கு எவ்வளவு உரிமை உண்டோ ஏறத்தாழ அவ்வளவு உரிமை நமக்குத் தரப்படுகிறது. போலந்து நாட்டவர் செய்த ‘விட்ச்சர்’ தொடரின் கெரால்ட் பேசுவதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. அவர் ஒரு நாவலாசிரியரின் பாத்திரம், நாம் அவரை இரவல் வாங்கியிருக்கிறோம். அதே நாட்டவர் 2020இல் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ இடைநடுவில் நிற்கிறது. அதன் நாயகர் பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார். ஆனால் நாம் பெயரிட முடியாது. பெயர் ‘வி’ என்ற ஒற்றை எழுத்து.

தகராறு எங்கே தொடங்குகிறது என்றால், உருவாக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டுக் குரலை மட்டும் பிடுங்கிக்கொள்ளும்போது. ஃபோல்அவுட் தொடரின் முந்திய பாகங்களில் நாயகர் பேசியதே இல்லை. நான்காம் பாகத்தில் பேச வைத்தார்கள். பேச வைத்ததும் அவருக்கு ஒரு கடந்தகாலமும் தேவைப்பட்டது. ஆணானால் போர்க்களம் கண்ட படைவீரர். பெண்ணானால் சட்டம் படித்தவர். இருவருக்கும் மணமாகிவிட்டது. கைக்குழந்தை ஒன்றும் உண்டு. அந்தக் குழந்தை கடத்தப்படுகிறது. எனது பூங்கோதையை ஒரு கிழட்டுக் கள்ளியாக, குடும்பம் குட்டி எதுவுமற்ற நாடோடியாக நான் நினைத்திருந்தேன். குழந்தைக்காக அவளது தொண்டை தழுதழுத்தபோது, வேறொருவருடைய துக்கவீட்டுக்குத் தவறுதலாகப் போய்விட்டவன்போல உணர்ந்தேன்.

குரல் வந்ததும் வரி சுருங்கும் என்பது அடுத்த சங்கடம். நாம் முழு வாக்கியத்தையும் வாசித்துவிட்டு, அதே வாக்கியத்தைப் பாத்திரம் திரும்பச் சொல்லக் கேட்பது அலுப்பூட்டும். ஆகவே மாஸ் எஃபெக்ட் காலத்திலிருந்து வாக்கியத்துக்குப் பதிலாக அதன் சாரமென்று இரண்டு மூன்று சொற்களைக் காட்டுகிறார்கள். நாம் சாரத்தைத் தெரிவு செய்கிறோம், அவர் விரிவுரையைப் பேசுகிறார். பத்திரிகையில் தலைப்பை ஒருவரும் செய்தியை இன்னொருவரும் எழுதினால் என்னாகும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் பாத்திரமேற்பு விளையாட்டே அல்லாத ஒன்று. 2011இல் வந்த ‘எல்.ஏ. நோயர்’ என்ற துப்பறியும் விளையாட்டு. சாட்சியை விசாரிக்கும்போது நம்பு, சந்தேகி, பொய்யென்று குற்றஞ்சாட்டு என மூன்று தெரிவுகள். ‘சந்தேகி’ என்பதை மெல்லிய ஐயமென்று நினைத்து அழுத்தினால் துப்பறிவாளர் மேசையில் பாயாத குறையாகச் சீறுவார். நடிகர் அவ்வரிகளைப் பேசிய காலத்தில் அந்தத் தெரிவின் பெயர் ‘மிரட்டு’ என்ற கருத்தில் இருந்ததாம். பிறகு பெயரை மாற்றினார்கள், பேச்சை மாற்றவில்லை. 2017 மறுபதிப்பில் மூன்றின் பெயர்களையும் திருத்தினார்கள். ஃபோல்அவுட் 4 விடயத்தில் தயாரிப்பாளரைக் காத்திராமல் இரசிகர்களே வேலையில் இறங்கினார்கள். சாரத்துக்குப் பதிலாக முழு வாக்கியத்தையும் காட்டும் இணைப்பு நிரலொன்றைச் செய்து இலவசமாக விநியோகித்தார்கள். அத்தொடரின் தலைவர் டொட் ஹோவார்டும் 2016இல், உரையாடல் விடயத்தில் தாங்கள் செய்தவற்றில் சில அவ்வளவாகச் சரிவரவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

நிற்க. எழுத்து மட்டும் இருந்த காலத்தில் என்னவெல்லாம் செய்ய முடிந்தது என்பதைச் சொல்லாவிட்டால், இது பழமைவாதியின் புலம்பலாகவே தோன்றும்.

மேற்சொன்ன பிளேன்ஸ்கேப் விளையாட்டில் சில இடங்களில் ஒரே வாக்கியம் இரண்டு தடவை பட்டியலிடப்பட்டிருக்கும். ஒன்றின் முன்னால் ‘உண்மை’ என்றும் மற்றதன் முன்னால் ‘பொய்’ என்றும் குறிப்பு. ஒருவருக்கு உதவுவதாக வாக்களிக்கும் அதே சொற்கள். எழுத்துக்கு எழுத்து வேறுபாடில்லை. எதிரே நிற்பவருக்குக் கேட்பதும் ஒன்றுதான். ஆனால் மனதுக்குள் என்ன வைத்துக்கொண்டு அதைச் சொல்கிறோம் என்பதை விளையாட்டு நம்மிடம் கேட்டு, அதற்கேற்ப நம்முடைய குணத்தைக் கணக்கெழுதுகிறது. இவ்வளவு நுட்பமானதொரு கேள்வியை ஒரு திரைப்படம் கேட்க முடியாது, நாவலும் கேட்க முடியாது. இதற்குக் குரல் கொடுத்துப் பாருங்கள். பொய்யை நடிகர் எப்படிச் சொல்வார்? பொய்யென்று தெரியும்படி சொன்னால் எதிரே நிற்பவர் ஏன் ஏமாறுகிறார் என்ற கேள்வி எழும். தெரியாதபடி சொன்னால் ஒரே ஒலியை இருமுறை பதிந்ததாகும்.

1998இன் ஃபோல்அவுட் 2 இன்னொரு வகை. நாயகரை அறிவு மிகக் குறைந்தவராக உருவாக்கினால் அவர் உரையாடல்கள் பெரும்பாலும் திக்கலும் முனகலுமாகவே எழுதப்பட்டிருக்கும். ஊரார் பரிதாபப்படுவார்கள் அல்லது விரட்டுவார்கள். கிளமத் என்ற ஊரில் அவரைப் போலவே அறிவு வளர்ச்சி குன்றிய டோர் என்றொரு மாட்டுக்காரன் இருக்கிறான். இருவரும் சந்தித்துப் பேசும்போது மட்டும் பேச்சு தெளிந்த, செறிந்த, கற்றோர் நடையில் ஓடும். ஊரார் காதில் விழுவது முனகல். அவர்கள் இருவருக்கும் கேட்பது அது. சிரிக்க வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசிக்கவும் வைக்கும் இடம்.

2004இல் வந்த ‘வம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ விளையாட்டில் மல்கேவியன் என்ற சித்தம் பேதலித்த குலத்தைத் தெரிவு செய்தால், நாயகர் சொல்லும் வரிகள் ஆரம்பம் முதல் இறுதி வரை வேறாகவே எழுதப்பட்டிருக்கும். விடுகதைபோல, தீர்க்கதரிசனம்போல. வீதியோர ‘நிறுத்து’ப் பலகையோடு அவர் வாதாடுவார். தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரோடு பேச, செய்தி வாசிப்பவரும் பதில் சொல்வார். இதைச் செய்வதற்கு எழுத்தாளர் ஒருவரின் உழைப்பு போதுமானதாக இருந்தது. குரலும் வேண்டுமென்றிருந்தால், சிறுபான்மையினர் மட்டுமே தெரிவு செய்யக்கூடிய ஒரு குலத்துக்காக ஆணொருவரையும் பெண்ணொருவரையும் வாரக்கணக்கில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்த்த எந்தக் கணக்காளர் கையொப்பமிடுவார்?

கணக்கு சாதாரணமானதல்ல. ஃபோல்அவுட் 4இன் நாயகருக்காக இரு நடிகர்களும் தலா 13,000 வரிகளுக்கு மேல் பதிவுசெய்ததாக வெளியீட்டுக்கு முன்னரே பெருமையாக அறிவித்தார்கள். 2011இல் வந்த ‘ஸ்டார் வோர்ஸ்: தி ஓல்ட் ரிப்பப்ளிக்’ எட்டு வகை நாயகர்களுக்கு ஆண், பெண் என்று பதினாறு குரல்கள் கொடுத்தது. மொத்தம் இரண்டு இலட்சம் வரிகளுக்கு மேல் பதிவாகி கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தது. ஆனால் எட்டுத் தனிக்கதைகளும் தொடரவில்லை. 2013இன் முதல் விரிவாக்கத்திலேயே அவை பொதுக்கதைகளாகச் சுருங்கின. 2015க்குப் பின்னர் சேர்க்கப்பட்ட உரையாடல்கள் சிலவற்றில் நாயகர் பழையபடி வாய்பேசாதவரானார். ‘ட்ராகன் ஏஜ்’ தொடரின் 2009 பாகத்தில் மனிதராகவும் எல்ஃப் இனத்தவராகவும் குள்ளராகவும் பிறக்கலாம். அந்த நாயகர் பேசவில்லை. 2011இன் இரண்டாம் பாகத்தில் நாயகர் பேசினார், மனிதராக மட்டுமே பிறக்கலாம். பேச்சு வந்ததும் பிறப்பு சுருங்கியது தற்செயலென்று என்னால் நம்ப முடியவில்லை.

பெயர் விடயத்தில் மட்டும் நியாயமாக இருக்கவேண்டும். ஷெப்பர்ட், ஹோக், வி, ரூக் என்று பேசும் நாயகர்களுக்கெல்லாம் மாற்ற முடியாத ஓர் அழைப்புப் பெயர் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் நாயகரின் குரலல்ல, மற்றவர்களின் குரல். ஃபோல்அவுட் 4இல் கொட்ஸ்வேர்த் என்ற வீட்டு இயந்திரம் ஏறத்தாழ ஆயிரம் பெயர்களை வாய்விட்டுச் சொல்லும்படி பதிந்து வைத்திருந்தார்கள். பாராட்டத்தக்க சிரத்தை. பூங்கோதை அதில் இல்லை என்பதற்காக யாரையும் நோக மாட்டேன். அவளை அது ‘அம்மணி’ என்றே அழைத்தது.

எதிர்க்கட்சியை என் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். சகோதரியின் மகன். ட்ராகன் ஏஜ் முதற்பாகத்தில் அரசனின் படை துரோகத்தால் அழிந்துபோகும் கட்டத்தை நான் விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: “மாமா, எல்லாரும் அழுகினம், கத்துகினம். உங்கட ஆள் மட்டும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறா.” மறுக்க முடியவில்லை. கமரா திரைப்படத்தைப் போல முகத்தை நெருங்கிக் காட்டும் விளையாட்டில், சுற்றியிருப்போர் எல்லாரும் உணர்ச்சிப் பிழம்பாக நிற்க, நம்முடையவர் மட்டும் கல்லாகச் சமைந்திருப்பது அபத்தம்தான். எழுத்தை விரைந்து வாசிக்க இயலாதவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் குரல் பெருந்துணை என்பதும் மறுக்கக்கூடியதல்ல. மேலும் ட்ராகன் ஏஜ் இரண்டாம் பாகத்தில் ஒரு சாமர்த்தியம் உண்டு. நாம் பெரும்பாலும் சாந்தமாகப் பதில் சொன்னோமா, பகடியாகவா, சினத்துடனா என்பதை விளையாட்டு கவனித்து, நம் தெரிவுக்கு விடாத சிறு வரிகளையும் அதே தொனியில் நாயகரைப் பேசவைக்கும். குரல்கட்சியின் மிகச் சிறந்த வாதம் அதுவே. அந்த வழியில் பின்னர் போதிய தூரம் யாரும் நடக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆனால் கல்முகத்துக்கு மருந்து குரல் ஒன்றுதான் என்பதில்லை. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023 ஓகஸ்டில் வெளியிட்ட ‘போல்டர்ஸ் கேட் 3’இல் நாம் உருவாக்கிய நாயகர் நடக்கும்போது ஓரிரு சொற்களை முணுமுணுப்பார். உரையாடலில் வாய் திறப்பதில்லை. முகம் மாத்திரம் சுளிக்கும், வியக்கும், சிரிக்கும். அவருக்குள் நடப்பதை அமீலியா டைலர் என்ற நடிகை கதைசொல்லியாக இருந்து நமது காதுக்குள் சொல்லுகிறார். நாயகரைச் சுற்றியிருப்பவர்கள் அனைவரும் பேசுகிறார்கள். உலகெங்கும் அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு விருதுகளை அள்ளிச்சென்ற அதனைப் பார்த்து, நாயகர் பேசவில்லை என்று குறைசொன்னவர்கள் சிலரே. 2019இன் ‘டிஸ்கோ எலிசியம்’ இன்னும் விசித்திரம். 2021இல் அதற்கு முழுமையாகக் குரல் சேர்த்தார்கள். துப்பறிவாளரின் மூளைக்குள் சண்டையிடும் இருபத்து நான்கு திறன்களுக்கும் குரல் உண்டு. பெரும்பாலும் லென்வல் பிரவுண் என்பவரின் ஆழ்ந்த குரல். நாம் தெரிவு செய்யும் பதில் வரிக்கு மட்டும் குரல் இல்லை. அந்த ஓர் இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறார்கள். பெதெஸ்டாவே 2023இன் ‘ஸ்டார்ஃபீல்ட்’ விளையாட்டில் இரண்டரை இலட்சம் வரிகளைப் பதிவுசெய்தும், நாயகரை மீண்டும் மௌனமாக்கிவிட்டது.

இந்த எண்களைப் பார்த்தால், நாயகருக்குக் குரல் வேண்டாமென்பது நடிகர்களின் வயிற்றிலடிப்பது என்ற குற்றச்சாட்டும் நிற்காது. அவர்கள் உழைப்பின் பெறுமதியை நான் அறிவேன். தொண்டை கிழியக் கத்தும் காட்சிகளை மணிக்கணக்கில் பதிவுசெய்து குரலைக் கெடுத்துக்கொண்ட அமெரிக்கக் கலைஞர்கள் 2016 ஒக்டோபரில் தொடங்கிப் பதினொரு மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 ஜூலையில் மீண்டும் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு போராடினார்கள். இரண்டாவது போராட்டத்தின் மையப்பொருள், அவர்களுடைய குரலைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் பிரதியெடுப்பது.

இங்கேதான் இவ்வழக்கு புதிய கட்டத்துக்கு வருகிறது. செலவு அதிகம், ஆதலால் வரிகள் குறையும் என்பதே இதுவரை எங்கள் கட்சியின் பிரதான வாதம். இயந்திரம் எத்தனை இலட்சம் வரிகளையும் எந்தக் குலத்தின் குரலிலும் பேசும், பூங்கோதை என்ற பெயரையும் பிழையின்றி உச்சரிக்கும் என்று வந்துவிட்டால்? நடிகரின் உரிமை என்ற பெரிய கேள்வியை அவர்கள் ஒப்பந்தங்கள் தீர்க்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நான் கட்சி மாறுவேனா?

மாற மாட்டேன். “சரி, நான் போகிறேன்” என்று ஒரு வரி திரையில் இருக்கிறது. கோபித்துக்கொண்டும் அதைச் சொல்லலாம். வெட்கப்பட்டுக்கொண்டும் சொல்லலாம். போக மனமில்லாமல், யாராவது தடுக்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டும் சொல்லலாம். எழுத்தாளர் சொற்களைத் தந்தார். அதை எப்படிச் சொல்வது என்பதை நான் தந்தேன். அந்தப் பங்கு மிகச் சிறியது. ஆனால் நூறு மணித்தியாலம் ஒருவரோடு கூடவே இருந்து அவரை அவராக்குவது அந்தச் சிறு பங்குதான். குரல் வந்து அமர்ந்ததும் அந்த வரிக்கு ஒரு பொருள் மட்டுமே எஞ்சுகிறது. குரல் நடிகருடையதா இயந்திரத்தினுடையதா, அது எவ்வளவு மலிவு என்பதெல்லாம் இதற்கு அப்பாற்பட்டவை.

எங்கள் தலைமுறை இலங்கை வானொலியின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தது. அங்கே குரலை அவர்கள் தந்தார்கள், முகத்தை நாங்கள் செய்தோம். அந்தக் கலைஞர்களில் ஒருவரைப் பின்னாளில் கந்தோர் அலுவலாக நேரில் சந்திக்க நேர்ந்தபோது, மிக மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரிடம் எனக்கு உள்ளூரச் சிறிது கோபம் இருந்தது. அவர் முகம் தவறான முகமாக இருந்தது.

சென்ற மாதம் மருமகனைக் கொண்டு கணினியில் இரண்டு நிரல்களைச் சேர்ப்பித்தேன். ஒன்று முழு வாக்கியத்தையும் காட்டும். மற்றது நாயகியின் குரலை அடக்கிவிடும். பழைய பூங்கோதையை, அதே தழும்போடு, அந்த மைதானத்து வாசலுக்கு மறுபடி அழைத்துச் சென்றேன். மேயர் வசைபாடினார். (அவரைப் பற்றிப் பைப்பர் எழுதியது உண்மையென்று கதையின் பிற்பகுதியில் தெரியவரும், பத்து வருடமான விளையாட்டு, சொன்னால் பாவமில்லை.) பைப்பர் திரும்பி அதே கேள்வியைக் கேட்டாள். திரையில் முழு வாக்கியங்கள், எந்தக் குரலுமில்லை, எத்தனை நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

வாசித்தேன். நான்கே நான்கு. கட்டுரையை முதலில் வாசிக்கத் தா என்று ஒன்றிலும் இல்லை.

“சத்தத்தைத்தான் நிப்பாட்டலாம், மாமா,” என்றான் மருமகன். “எழுதாம விட்டதுக்கு நான் என்ன செய்யிறது?”